வழித்துணை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் நோக்கிக் கிழக்கே செல்லும் சாலையில் பெருமுக்கல் என்னும் சிற்றூர் உள்ளது. பாறைகளை அடுக்கிவைத்தாற்போன்ற ஒரு குன்றும், அதன்மேல் சோழர் காலக் கல்வெட்டுகளையுடைய சிவன் கோயிலும் அவ்வூர்க்கு அணியாக விளங்குகின்றன. 1760 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அக்குன்றின் கோட்டைக்காகப் பொருதனர். அதுவே யான் பிறந்த ஊர். அங்கிருந்து மேலும் கிழக்கே சென்றால், மரக்காணத்து உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தொலைவு விரிந்து கிடக்கும். மழைக்காலம் கழிந்ததும் உவர்நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி, வெயிலிற் காயவிட்டு, விளைந்த உப்பைப் பலகையால் வாரிக் கரையிற் குவிப்பர். எங்கள் உறவினர் பலர் அவ்வளங்களில் உழைத்து உண்டவர்.

வழிப்பயணம் எங்கள் நாட்டார்க்குப் புதிதன்று. அப்பகுதியைப் பண்டையோர் ஓய்மாநாடு என்றனர். அதனை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழி கூறும் நூலாகும். அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் அறிஞர். அப்பாணன் பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும் பெறுவான் என்று புலவர் கூறுகிறார். ஒரே பயணத்தில் மூவகை நிலத்து உணவு! இப்பாட்டை மாணவர்க்குக் கற்பித்த காலமெல்லாம் அவனது நாவின் பேற்றை வியந்தேனேயன்றி, அவன் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று யான் எண்ணியதில்லை. எண்ணுமாறு செய்தது, 2013 ஆம் ஆண்டில் யான் மேற்கொண்ட இலங்கைப் பயணம்.

எனக்குத் துணையாக என் பெரியப்பாவின் மகன் வந்தார். அவர் என்னினும் ஆறாண்டு மூத்தவர்; நாற்பதாண்டு உப்பளத்தில் உழைத்தவர்; தம் பெயரையன்றிப் பிறிதொன்றும் எழுத அறியாதவர். எங்கள் முன்னோருள் சிலர் காப்பித் தோட்ட வேலைக்கு இலங்கை சென்று மீளவில்லை என்று வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருந்தோம். அவர்கள் நடந்த வழியைக் காணவேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை.

அவ்வழி துன்பம் நிறைந்த வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாட்டு ஏழை மக்கள் இராமேசுவரம் முதலிய துறைகளில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை சேர நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகக் கடந்தனர். வழியில் நல்ல நீரில்லை. கண்ட குட்டைகளில் முகந்து குடித்தனர். வாந்திபேதி எனப்படும் காலரா அவர்களுள் பலரை வழியிலேயே வீழ்த்தியது. உடன் வந்தோர் அடக்கம் செய்யவும் ஆற்றலின்றி நடந்தனர் என்பர். பின்னாளில் இலங்கை அரசு இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள மண்டபத்தில் ஒரு முகாம் அமைத்து, கடல் கடப்போரைச் சில நாள் நிறுத்தி, நோய் இல்லை என்று கண்ட பின்னரே கப்பலேற்றியது.

நாங்கள் அவ்வாறு நடக்கவில்லை. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றேகால் மணி நேரத்தில் பறந்து சென்றோம். ஆனால், வானூர்தி வயிற்றை மாற்றுவதில்லையே! புறப்படும்போது அண்ணன் தம் பையில் ஒரு சிறு துணி முடிச்சை வைத்ததைக் கண்டு, அஃது என்ன என்று வினவினேன். "உப்பும் சர்க்கரையும், தம்பி" என்றார். "உப்புக்காரர் உப்பைச் சுமந்தே பழகிவிட்டீர், இலங்கையில் உப்பு இல்லையா?" என்று நகைத்தேன். அவர் விடையிறுக்கவில்லை.

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வழியில் பேருந்து சற்று நின்றது. சாலையோரத்தில் அன்னாசிப்பழத்தை அழகாகச் சீவி, மிளகும் உப்பும் தூவி விற்றனர். வெயில் கடுமை, யான் இரு துண்டுகள் வாங்கி உண்டேன், பனிக்கட்டி மிதந்த சாறும் பருகினேன். அண்ணன் இரண்டு வாழைப்பழங்களைத் தாமே உரித்து உண்டு, விடுதியிற் கொதிக்கவைத்துப் புட்டியில் கொணர்ந்த நீரைக் குடித்தார். நாட்டுப்புறத்தாரின் அச்சம் என்று யான் எண்ணிக்கொண்டேன்.

உண்மையில் அவரது அச்சத்துக்குக் காரணம் உண்டு. வயிற்று நோய்க் கிருமிகளுள் பெரும்பாலானவை ஒருவர் மலத்திலிருந்து மற்றொருவர் வாய்க்கு நீரின் வழியாகவும், கையின் வழியாகவும், ஈயின் வழியாகவும் வந்து சேர்கின்றன. இலண்டனில் 1854 ஆம் ஆண்டில் காலரா பரவியபோது, சான் சுனோ என்னும் மருத்துவர் இறந்தோரின் வீடுகளைக் கணக்கிட்டு, அவர்களுட் பெரும்பாலோர் ஒரே தெருக்குழாயின் நீரைக் குடித்தவர் என்று காட்டினார். முப்பதாண்டு கழித்து, செருமானிய அறிஞர் இராபர்ட்டு கோக்கு கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். அன்னாசிப்பழம் குற்றமற்றது, அதனைச் சீவிய கத்தியும், கழுவிய நீரும், எடுத்துக் கொடுத்த கையும் எத்தகையன என்பதே வினா. பனிக்கட்டியும் அவ்வாறே. கிருமியுள்ள நீர் உறைந்தாலும் கிருமி அழிவதில்லை. கொதிக்கக் கொதிக்கப் பரிமாறும் உணவும், தன் கையால் உரித்து உண்ணும் பழமும், கொதித்து ஆறிய நீரும், முத்திரை உடையாத புட்டி நீருமே அயலூரில் அச்சமின்றிக் கொள்ளத்தக்கவை. உண்ணுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் இவை எல்லாவற்றிலும் முதன்மையானது.

அன்றிரவு மாத்தளை விடுதியில் எனக்கு வயிறு நொந்தது. விடிவதற்குள் பத்து முறைக்குமேல் கழிந்தது. இருமுறை வாந்தியும் வந்தது. நாக்கு உலர்ந்தது, கெண்டைக்காற் சதை முறுக்கியது, எழுந்தால் கண் இருண்டது. அண்ணன் முடிச்சை அவிழ்த்து, புட்டி நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து ஒரு குவளையில் நீட்டினார். யான் மறுத்தேன். "இலங்கணம் பரம ஔடதம், அண்ணா. பட்டினியே மருந்து. நீர் உள்ளே சென்றால் மேலும் கழியும்" என்றேன். புலமை நோயிலும் ஒருவனை விடுவதில்லை போலும்!

அவர் குவளையைக் கீழே வைக்கவில்லை. "தம்பி, இதே சொல்லை நீ முன்பும் ஒருமுறை சொன்னாய்" என்றார்.

மாணவர்களே, அவர் கூறியது 1977 ஆம் ஆண்டின் செய்தி. அப்போது யான் மயிலம் தமிழ்க் கல்லூரியில் புலவர் வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தேன். அண்ணன் உப்பள வேலையின்பொருட்டு மரக்காணத்தையடுத்த ஒரு குப்பத்தில் குடியிருந்தார். ஐப்பசி அடைமழையில் கிணறுகளில் வெள்ளநீர் கலந்து, அக்குப்பத்தில் வாந்திபேதி கண்டது. அண்ணனின் மகனுக்கு அப்போது நான்கு வயது. நோய் அவனையும் பற்றியது. குழந்தை "தண்ணீர், தண்ணீர்" என்று அழுதது. கொடுக்கலாமா, கூடாதா என்று வீட்டில் ஐயம் எழுந்தபோது, படித்த பிள்ளை என்று என்னைக் கேட்டனர். யான் அப்பழைய தொடரை ஓதி, நீரும் கூடாது என்றேன். கேட்டவர் அனைவரும் தலையசைத்தனர். ஊர் வழக்கமும் அதுவாகவே இருந்தது. சாலை வெள்ளத்தில் முழுகியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல இயலவில்லை. மறுநாள் மாலைக்குள் குழந்தையின் கண்கள் குழிவிழுந்து, அழுகை நின்று, உயிரும் நீங்கியது. அவ்வீட்டின் பின்புறம் உப்புக் குவியல் ஆளுயரம் நின்றது.

முன்னோர் கூறிய இலங்கணம், செரியாத வயிற்றில் மேலும் உணவைத் திணியாதே என்னும் பொருளது. தாகித்தவனுக்கு நீரை மறு என்று அது கூறவில்லை. சொல்லைக் கற்று அதன் எல்லையைக் கல்லாதது என் பிழை.

அதனினும் வருத்தந்தரும் செய்தி ஒன்றுண்டு. அக்குழந்தையைக் காத்திருக்கக்கூடிய உண்மை, அதற்கு ஆறாண்டு முன்னரே நம் நாட்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. 1971 ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்தில் மூண்ட போரால் இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்துக்குள் புகுந்தனர். பனகாம் என்னும் எல்லையூர் முகாமில் காலரா பரவியது. கல்கத்தாவிலிருந்து அங்கு அனுப்பப்பட்டவர் திலீப் மகலனாபிசு என்னும் குழந்தை மருத்துவர். மருத்துவமனைக் கட்டில்கள் நிறைந்து, தரையெங்கும் நோயாளர் கிடந்தனர். நரம்பின் வழியே உப்புநீர் ஏற்றுவதே அந்நாளில் மருத்துவர் நம்பிய முறை. அந்நீரோ தீர்ந்துகொண்டிருந்தது, ஏற்றத் தெரிந்தவரும் மிகச் சிலரே. முறைப்படி நின்றால் கண்முன்னே மக்கள் மடிவர். வாயாற் குடிக்கும் கரைசல் பயன்தரும் என்று டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்த ஆய்வுகள் முன்னரே காட்டியிருந்தன. ஆயினும், மருத்துவர் அருகிலின்றி வெறுங்கையரான மக்களிடம் அதனை ஒப்படைக்க எவரும் துணியவில்லை. மகலனாபிசு துணிந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சமையற் சோடா என அளந்து கல்கத்தாவிற் பொட்டலங்களாகக் கட்டிக் கொணர்ந்தனர். பெரிய உருளைகளில் கரைத்துவைத்து, தாயரும் தந்தையரும் உடன்பிறந்தாரும் குவளையில் ஏந்திச் சென்று நோயாளர்க்கு ஊட்டினர். நூற்றுக்கு முப்பதுவரை சென்ற சாவு, நூற்றுக்கு நான்கினுங் கீழாகக் குறைந்தது. 1978 ஆம் ஆண்டு முதல் உலகச் சுகாதார நிறுவனம் இம்முறையை நாடெங்கும் பரப்பியது. மகலனாபிசு 2022 ஆம் ஆண்டில் மறைந்தார். மறைந்தபின் 2023 ஆம் ஆண்டில் அவர்க்குப் பத்ம விபூசண் விருது வழங்கப்பெற்றது. விருது தாழ்த்து வந்தது என்பதே என் கருத்து.

இக்கரைசல் ஏன் பயன்தருகிறது? கழிச்சலில் உயிரைப் போக்குவது கிருமியைக் காட்டிலும் நீரிழப்பே. உடலிலிருந்து நீரோடு உப்பும் வெளியேறுகிறது. வெறும் நீரைக் குடித்தால் போன உப்பு மீள்வதில்லை. உப்புநீரை மட்டும் குடித்தாலோ நோயுற்ற குடல் அதனைப் போதிய அளவு ஏற்பதில்லை. குடலின் உட்சுவரில் ஒரு வாயில் உண்டு. குளுக்கோசும் சோடியமும் கூடி வந்தால் அது திறந்து இரண்டையும் உள்ளே விடும். அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்லும். காலராவிலும் இவ்வாயில் பழுதுறுவதில்லை. ஆதலின் சர்க்கரை இங்கே சுவைக்காக அன்று; உப்பை உள்ளே அழைத்துச் செல்லும் துணை அது. எனினும், துணை மிகுந்தாலும் தீங்கே. இனிப்பு மிகுந்த நீர் உடலிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்துக் கழிச்சலை மிகுவிக்கும். கடைகளில் விற்கும் இனிப்புச் சோடா வகைகள் நோயாளர்க்கு ஆகாமைக்குக் காரணம் இதுவே.

மீண்டும் மாத்தளைக்கு வருவோம். "அன்று கேட்டவனுக்குக் கொடுக்கவில்லை, தம்பி, இன்று கேளாத உனக்குக் கொடுக்கிறேன். குடி" என்றார் அண்ணன். முப்பத்தாறு ஆண்டுகளில் அவர் அதனை என்னிடம் சொன்னது அந்த ஒரே முறை. குரலில் சினம் இல்லை. யான் குவளையை வாங்கினேன்.

முதற் குவளை வாந்தியாயிற்று. அண்ணன் கலங்கவில்லை, பத்து நிமிடம் பொறுத்து, கரண்டியால் ஒவ்வொரு வாயாக ஊட்டினார். அவ்வாறு ஊட்டினால் தங்கும் என்று, மகனை இழந்த சில ஆண்டுகளுக்குப் பின் குப்பத்துக்கு வந்த ஒரு செவிலியம்மையாரிடம் அவர் கற்றிருந்தார். அவர் அளவும் அந்த அம்மையார் கற்பித்ததே: ஒரு லிட்டர் தூய நீருக்குச் சிறு கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு, கரைத்தபின் நாவில் இட்டால் கண்ணீரினும் உவர்ப்பு மிகுதல் கூடாது. ஒவ்வொரு முறை கழிந்தபின்னும் வளர்ந்தவர்க்கு ஒரு குவளை அல்லது இரண்டு; இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கால் குவளை முதல் அரைக் குவளை. ஒருநாள் கலந்ததை மறுநாள் கொட்டிவிடல் வேண்டும். பொட்டலம் கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. இன்றைய பொட்டலத்தில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும், அவற்றோடு பொட்டாசியம் குளோரைடும் சோடியம் சிட்ரேட்டும் உள. இவை இரண்டும் இல்லாதபோது உப்பிட்ட அரிசிக்கஞ்சி நன்று. உப்பள வேலையாள் நண்பகலில் உப்பிட்டுக் குடிக்கும் நீராகாரத்தை யான் ஏழைமையின் உணவு என்றே எண்ணியிருந்தேன். வேர்வையில் உப்பை இழப்பவன் கண்டறிந்த அறிவு அது. இளநீர் நல்லதாயினும் அதில் சோடியம் குறைவு. அது மட்டுமே போதாது.

பொழுது விடிந்தும் சிறுநீர் மிகக் குறைவாகவே பிரிந்தமையால், அண்ணன் விடுதியாரிடம் கூறி மருத்துவர் ஒருவரை வரவழைத்தார். அவர் என் மேற்கையின் தோலைக் கிள்ளிவிட்டு, அது எவ்வளவு விரைவிற் படிகிறது என்று பார்த்தார். நாடியையும் நாவையும் நோக்கினார். காய்ச்சல் சிறிது இருந்தது. பேருந்தில் உடன்வந்த ஒருவர், கழிச்சலை உடனே கட்டும் என்று எனக்கு ஒரு மாத்திரை அளித்திருந்தார். அதனைக் காட்டியதும் மருத்துவர் தலையை அசைத்தார். காய்ச்சலோ குருதியோ உள்ள கழிச்சலை அத்தகைய மாத்திரையாற் கட்டினால் கிருமி உள்ளேயே தங்கித் தீங்கு விளைக்கும்; குழந்தைகளுக்கு அஃது அறவே ஆகாது என்றார். கிருமிக்கொல்லி மருந்தும் எல்லார்க்கும் வேண்டுவதன்று. பயணிகளுக்கு வரும் கழிச்சல் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் தானே அடங்கும் என்றும் கூறினார். மலத்தில் குருதி காணல், கடுங்காய்ச்சல், குடித்தது எதுவும் தங்காமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமை, மயக்கம், குழந்தையின் கண் குழிவிழுதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தாது மருத்துவமனை செல்லல் வேண்டும் என்பது அவர் உரை. குழந்தைகட்குக் கரைசலோடு துத்தநாக மாத்திரையைப் பத்து முதல் பதினான்கு நாள் கொடுப்பது வழக்கம் என்பதையும், தாய்ப்பாலை நிறுத்தலாகாது என்பதையும் அவரிடமே அறிந்தேன்.

"இரவெல்லாம் இவர்க்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று மருத்துவர் அண்ணனை வினவினார். அண்ணன் முடிச்சைக் காட்டினார். மருத்துவர் எழுந்து அவர் கையைப் பற்றிக்கொண்டார். "ஐயா, நான் செய்யவேண்டியதை நீங்கள் செய்துவிட்டீர்கள்" என்றார். பின்னர்ப் பையிலிருந்து ஆறு பொட்டலங்களை எடுத்துவைத்தார். அந்நாட்டில் அக்கலவைக்குச் 'சீவனி' என்று பெயர். நோயின் சோர்விலும் அப்பெயர் எனக்கு இனித்தது.

நண்பகலில் கஞ்சி குடித்தேன். சிறுநீர் நன்கு பிரிந்தது. மறுநாள் கழிச்சல் குறைந்து, சோறும் மோரும் உண்டேன். மூன்றாம் நாள் மாலை மெல்ல நடந்து மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை அடைந்தோம். மன்னாரிலிருந்து காட்டுவழியாகப் பிழைத்து வந்தோர் மலைநாட்டின் வாயிலில் அமைத்து வழிபட்ட தெய்வம் அது. அண்ணன் நெடுநேரம் கைகூப்பி நின்றார். யாரை நினைத்து நின்றார் என்று யான் கேட்கவில்லை.

வெளியே வந்ததும், எஞ்சியிருந்த சீவனிப் பொட்டலங்கள் இரண்டை என்னிடமிருந்து வாங்கி, தம் துணி முடிச்சில் உப்பின் அருகே வைத்துக் கட்டினார். "நம் ஊரில் இவை எங்கும் கிடைக்குமே, அண்ணா" என்றேன்.

"ஊர் சேர இன்னும் வழி இருக்கிறதே, தம்பி" என்றார்.